விமான நிறுவனங்கள் சுற்றுச்சூழல் பாதிப்பைக் குறைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தலைமுறைக்கு முன்பு ஊரில் ஒருவர் விமானம் ஏறினால் வழியனுப்ப வேன் வைத்துக்கொண்டு போனார்கள். இன்று தூத்துக்குடியிலிருந்து சென்னையில் நடக்கும் ஒரு கல்யாணத்துக்குக் காலையில் போய் இரவில் திரும்புகிறோம். இந்த வசதிக்கு வானம் கொடுக்கும் விலை என்ன, அதைக் குறைக்கும் பொறுப்பில் விமான நிறுவனங்களின் பங்கு எவ்வளவு என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறேன். விடைகளில் பெரும்பாலும் ஓர் அளவுகோலையே பயன்படுத்தியிருக்கிறேன்: குறிப்பிட்ட ஒரு நடவடிக்கையால் எரிக்கப்படாமல் மிஞ்சும் எரிபொருள் எவ்வளவு என்பதே அது.

உலகம் வெப்பமாவதில் விமானங்களின் பங்கு உண்மையில் எவ்வளவு?

மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 2.5 விழுக்காடு விமானங்களிலிருந்து வருகிறது. விமானங்கள் உயரத்தில் விட்டுச்செல்லும் பனிப்படலம், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகியவற்றின் விளைவையும் சேர்த்தால், மனிதச் செயல்களால் ஏற்படும் வெப்பமாதலில் அவற்றின் பங்கு 3.5 விழுக்காட்டுக்கு அருகில் வரும் என்பது அறிவியலாளர்களின் கணிப்பு. இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் இதை உண்டாக்குபவர்கள் யார் என்று பார்த்தால் படம் மாறிவிடும். 2018இல் உலக மக்களில் சுமார் 11 விழுக்காட்டினர் மட்டுமே விமானத்தில் பயணம் செய்தனர் என்றும், அடிக்கடி பறக்கும் 1 விழுக்காட்டினரே பயணிகள் விமானங்களின் கரியமில வாயுவில் பாதிக்குக் காரணம் என்றும் 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மின்சாரத்துக்குச் சூரிய ஒளியும் காற்றாலையும் வந்துவிட்டன, காருக்கும் பேருந்துக்கும் மின்கலன் வந்துவிட்டது. விமானத்துக்கு அப்படி எளிதான மாற்று இன்னும் வரவில்லை. பிற துறைகள் குறையக் குறைய விமானங்களின் பங்கு விகிதத்தில் கூடிக்கொண்டே போகும்.

ஒரு பயணத்துக்கு எவ்வளவு எரிபொருள் ஆகிறது?

சென்னையிலிருந்து டெல்லி ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர். ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ320நியோ வகை விமானம் ஒன்று 180 பேரை ஏற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர சுமார் 6 டன் எரிபொருள் எரிக்கிறது என்று கொள்ளலாம். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வெளிவரும். எரிபொருளில் உள்ள கரி காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால், எரித்ததைவிட வெளிவருவது எடை கூடுகிறது. ஆக, அந்த ஒரு பயணத்தில் 19 டன், தலைக்கு 105 கிலோ. நூறு கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாரும் விமானம் ஏறுவதில்லை. ஆனால் ஒவ்வொருவரும் அத்தனை எடையுள்ள வாயுவை வானில் விட்டுவிட்டு இறங்குகிறோம்.

புதிய விமானங்களை வாங்கினால் போதாதா?

நிறுவனம் தன் கைவசம் வைத்திருக்கும் வழிகளில் மிகப் பெரியது இதுதான். பழைய ஏ320ஐவிட ஏ320நியோ 15 முதல் 20 விழுக்காடு வரை குறைவான எரிபொருளில் அதே தூரம் பறக்கிறது. பழைய என்ஜினில் மையப் பகுதிக்குள் நுழையும் காற்றைப்போல ஏறத்தாழ ஆறு மடங்கு காற்று அதைச் சுற்றி வெளியே தள்ளப்பட்டது. புதிய என்ஜின்களில் அது பதினொன்று, பன்னிரண்டு மடங்கு. நிறைய காற்றை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனமானது. என்ஜின் தயாரிக்கும் பிராட் அண்ட் விட்னி நிறுவனம் முன்விசிறிக்கும் அதைச் சுழற்றும் டர்பைனுக்கும் நடுவே ஒரு பல்சக்கரப் பெட்டியை வைத்து, இரண்டும் தத்தமக்கு ஏற்ற வேகத்தில் சுழல வழிசெய்தது.

ஆனால் புதியதற்கும் ஒரு விலை உண்டு. அதே என்ஜினில் சில பாகங்களைச் செய்யப் பயன்பட்ட உலோகத் தூளில் மாசு கலந்திருந்தது 2023இல் தெரியவந்தது. உலகெங்கும் நூற்றுக்கணக்கான விமானங்கள் சோதனைக்காகத் தரையிறக்கப்பட்டன. இந்தியாவிலும் பல டஜன் விமானங்கள் நின்றன. அந்த இடைவெளியை நிரப்பப் பழைய விமானங்களைக் குத்தகைக்கு எடுத்துப் பறக்கவைக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒரு விமானம் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பறக்கும். இன்று வாங்கப்படும் விமானம் 2045 வாக்கிலும் வானில் இருக்கும். பழையதை ஓய்வுபெறச் செய்துவிட்டு அந்த இடத்தில் புதியதைக் கொண்டுவந்தால்தான் மொத்தம் குறையும். பழையதும் பறக்கிறது, புதியதும் கூடுதலாகப் பறக்கிறது என்றால், ஒரு பயணிக்கான கணக்கு அழகாகத் தெரியுமே தவிர, வானத்தின் கணக்கு ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

இருக்கும் விமானத்திலேயே ஏதாவது செய்ய முடியாதா?

முடியும். இறக்கை நுனியில் சுறாத்துடுப்புபோல் மேல்நோக்கி வளைந்த பாகத்தைப் பார்த்திருப்பீர்கள். நுனியில் உருவாகும் காற்றுச் சுழலை அது தணிப்பதால், நெடுந்தூரப் பயணங்களில் 4 விழுக்காடு வரை எரிபொருள் மிஞ்சுகிறது. என்ஜினின் உட்புறத்தைக் குறித்த இடைவெளிகளில் நீரால் கழுவினால், தூசு படிந்து குறைந்த திறன் ஓரளவு திரும்புகிறது. சுறாவின் தோலைப் பார்த்துச் செய்த, நுண்ணிய வரிப்பள்ளங்கள் கொண்ட ஒரு படலத்தை விமானப் பராமரிப்பு நிறுவனமான லுஃப்தான்சா டெக்னிக்கும் வேதிப்பொருள் நிறுவனமான பிஏஎஸ்எஃபும் உருவாக்கின. சுவிஸ் என்ற விமான நிறுவனத்தின் போயிங் 777 விமானங்களில் 2022 முதல் ஒட்டப்படும் அப்படலத்தால் ஏறத்தாழ 1 விழுக்காடு மிச்சம். ஒரு விழுக்காடு என்றால் அலட்சியமாகத் தோன்றும். போயிங் 777 ஒரு மணி நேரத்துக்குப் பல டன் எரிபொருள் குடிப்பது என்பதை நினைத்துக்கொண்டால் அப்படித் தோன்றாது.

விமானத்தில் எடையைக் குறைப்பது பற்றி அடிக்கடி சொல்கிறார்களே, அதனால் பயன் உண்டா?

உண்டு. விமானிகள் முன்பெல்லாம் வரைபடங்களும் கையேடுகளும் அடங்கிய கனமான தோல்பையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2013இல் ஏறத்தாழ 16 கிலோ எடையுள்ள அந்தப் பைக்குப் பதிலாக ஐபேடைக் கொடுத்தபோது, ஆண்டுக்குக் குறைந்தது 4 லட்சம் கேலன், அதாவது சுமார் 15 லட்சம் லிட்டர் எரிபொருள் மிஞ்சும் என்று கணக்கிட்டது. ஏ320 வகை விமானத்தின் குடிநீர்த் தொட்டி 200 லிட்டர் கொள்ளும். சென்னை–கோவைபோல் ஒரு மணி நேரப் பயணத்துக்கு அதை முழுக்க நிரப்பத் தேவையில்லை. எந்தத் தடத்தில் எவ்வளவு செலவாகிறது என்று அளந்து நிரப்பும் நிறுவனங்கள் இருக்கின்றன. இலகுவான இருக்கை, இலகுவான தள்ளுவண்டி எல்லாம் இதே வகை.

‘டேங்கரிங்’ என்றால் என்ன? அது ஏன் தவறு?

பொதுமக்களுக்கு அதிகம் தெரியாத, ஆனால் அவசியம் தெரிந்திருக்கவேண்டிய வழக்கம் இது. ஓர் ஊரில் எரிபொருள் மலிவு, போகும் ஊரில் விலை அதிகம் என்றால், திரும்பி வருவதற்கான எரிபொருளையும் மலிவான ஊரிலேயே நிரப்பிச் சுமந்து செல்வதே டேங்கரிங். பக்கத்து மாநிலத்தில் பெட்ரோல் விலை குறைவென்று எல்லை தாண்டுமுன் வண்டியை நிரப்பிக்கொள்வதை நாமும் செய்கிறோம். காரில் அந்தக் கூடுதல் எடை ஒரு பொருட்டில்லை. விமானத்தில் அப்படியில்லை. கூடுதலாக ஏற்றிய எரிபொருளில், பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 2.5 முதல் 4 விழுக்காடு வரை, அந்த எரிபொருளைச் சுமப்பதற்காக மட்டுமே எரிந்துபோகும். ஐரோப்பிய வான்போக்குவரத்து அமைப்பான யூரோகன்ட்ரோல் 2019இல் வெளியிட்ட ஆய்வு, ஐரோப்பாவில் இவ்வழக்கத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 லட்சம் டன் கரியமில வாயு தேவையின்றி வெளியாகிறது என்று மதிப்பிட்டது.

நமக்கு இது தூரத்து விஷயம் அன்று. இந்தியாவில் விமான எரிபொருள் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை, ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி மதிப்புக்கூட்டு வரி விதிக்கிறது. தமிழ்நாட்டில் அது நீண்ட காலமாக 29 விழுக்காடு, தெலங்கானாவில் 1 விழுக்காடு. ஹைதராபாதுக்கும் சென்னைக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணம்தான். போக வர இரண்டுக்கும் ஹைதராபாதிலேயே நிரப்பிக்கொள்வது லாபம் என்று எந்தக் கணக்காளரும் சொல்லிவிடுவார். அந்த லாபத்தின் செலவு வானத்தில் எழுதப்படும். ‘விலை வேறுபாட்டுக்காக மட்டும் எரிபொருள் சுமக்க மாட்டோம்’ என்று ஒரு நிறுவனம் தானாகவே முடிவெடுக்கலாம். ஆனால் வரி வேறுபாட்டைக் களையவேண்டியது அரசுகளே. வருவாய் இழப்பு என்று மாநிலங்கள் தயங்குவது புரிகிறது. என்றாலும், எரிபொருளை வீணடிப்பவருக்குப் பரிசு தரும் ஒரு வரி அமைப்பை இவ்வளவு காலம் சகித்துக்கொண்டிருப்பது வருத்தமளிக்கிறது.

விமானம் தரையில் நிற்கும்போதும் எரிபொருள் செலவாகுமா?

மே மாத நண்பகலில் மீனம்பாக்கத்தில் பேருந்திலிருந்து இறங்கி விமானப் படிக்கட்டை நோக்கி நடந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இறக்கையில் உள்ள இரண்டு என்ஜின்களும் அசையாமல் நிற்கும். ஆனாலும் காதைக் குடையும் ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். வால் நுனியைப் பார்த்தால் அங்கே காற்று கானல்போல் நெளியும். ஏ.பி.யூ. எனப்படும் துணை என்ஜின் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் அதுதான் ஆதாரம். ஏ320 வகையில் மணிக்கு 100 கிலோவுக்கு மேல் எரிபொருள் குடிக்கும். விமானம் நிற்கும் இடத்திலேயே மின்கம்பியும், குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும் மஞ்சள் நிறக் குழாயும் இருந்தால் அதை அணைத்துவிடலாம். நிலையம் அந்த வசதியைத் தரவேண்டும். தந்த பிறகு நிறுவனம் அதைப் பயன்படுத்தவேண்டும். நாற்பது நிமிடங்களில் விமானத்தைத் திருப்பி அனுப்பும் அவசரத்தில், குழாயை மாட்டிக் கழற்றும் நேரத்தை மிச்சப்படுத்தத் துணை என்ஜினையே ஓடவிடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. இத்தனை நிமிடங்களுக்கு மேல் ஓடக்கூடாது என்று வரம்பு வைத்து ஒவ்வொரு பயணத்துக்கும் கணக்குப் பார்க்கும் நிறுவனங்களில் இது கண்கூடாகக் குறைகிறது.

ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும்போதும் இரண்டு என்ஜின்களுமாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 கிலோ எரிகிறது. தரையிறங்கிய பிறகு, என்ஜின் சூடு தணியக் குறித்த சில நிமிடங்கள் கழிந்ததும் ஒன்றை அணைத்துவிட்டு மற்றொன்றால் ஊர்வது எளிய வழி. எந்தக் கருவியும் வாங்கவேண்டியதில்லை. விமானத்தை அதன் முன்சக்கரத்தோடு பிடித்து இழுத்துச்செல்லும் ‘டாக்ஸிபாட்’ என்ற வண்டியும் இருக்கிறது. பயணிகள் ஏறிய ஏ320 விமானத்தை அதன் துணையோடு ஓடுபாதைப் பக்கம் கொண்டுசெல்லும் முறையை 2019 அக்டோபரில் டெல்லியில் ஏர் இந்தியா தொடங்கியது.

வான்வழியைச் சீராக்கினால் எவ்வளவு மிஞ்சும்?

விமானங்கள் நேர்கோட்டில் பறப்பதில்லை. இராணுவப் பகுதிகளைச் சுற்றியும், பழைய வழித்தடங்களை ஒட்டியும், இறங்க இடமின்றி நிலையத்துக்கு மேல் வட்டமடித்தும் எரிபொருளை இழக்கின்றன. இந்திய வான்வெளியில் 60 விழுக்காடு மட்டுமே பயணிகள் விமானங்களுக்குத் தடையின்றிக் கிடைக்கிறது என்றும், மேலும் திறந்துவிட்டால் ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய் மிஞ்சும் என்றும் 2020 மே மாதத்தில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். இதற்கு நேர்மாறான காட்சியையும் கண்டோம்: 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லும் விமானங்கள் தெற்கே சுற்றிக்கொண்டு போகவேண்டியதாயிற்று.

இறங்கும் முறையிலும் வழி உண்டு. படிப்படியாக இறங்கினால் ஒவ்வொரு படியிலும் சமமாகப் பறக்க என்ஜினை மீண்டும் முடுக்கவேண்டும். சறுக்குமரத்தில் வருவதுபோல் தொடர்ச்சியாக இறங்கினால் என்ஜின் ஏறத்தாழ ஓய்விலேயே இருக்கும். தரையில் இருப்பவர்களுக்குச் சத்தமும் குறையும். இந்திய விண்வெளி ஆய்வு மையமும் விமான நிலைய ஆணையமும் இணைந்து உருவாக்கிய ‘ககன்’ செயற்கைக்கோள் வழிகாட்டியைக் கொண்டு, 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கட் நிலையத்தில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். வகைச் சிறிய விமானம் ஒன்று இறங்கிக் காட்டியது. தரையில் விலையுயர்ந்த கருவிகள் இல்லாத சிறிய நிலையங்களிலும் துல்லியமாக இறங்க இது உதவும்.

எஸ்.ஏ.எஃப். எனப்படும் நிலைத்த விமான எரிபொருள் என்பது என்ன?

நிலத்தடியிலிருந்து எடுத்த எண்ணெய்க்குப் பதிலாக, பயன்படுத்திய சமையல் எண்ணெய், விலங்குக் கொழுப்பு, வேளாண் கழிவு, எத்தனால் போன்றவற்றிலிருந்து தயாரிக்கப்படும் விமான எரிபொருள் இது. இப்போதைய விதிகளின்படி வழக்கமான எரிபொருளோடு 50 விழுக்காடு வரை கலக்கலாம். என்ஜினையோ தொட்டியையோ மாற்றவேண்டியதில்லை. ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். என்ஜினிலிருந்து வெளிவரும் கரியமில வாயுவின் அளவு இதிலும் ஏறத்தாழ அதேதான். அந்தக் கரி எங்கிருந்து வந்தது என்பதில்தான் வேறுபாடு. செடி காற்றிலிருந்து சென்ற ஆண்டு எடுத்த கரி இந்த ஆண்டு காற்றுக்கே திரும்புகிறது. பெட்ரோலியத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் புதைந்து கிடந்த கரி புதிதாக வெளியே வருகிறது. உற்பத்தி முதல் எரிப்பு வரை கூட்டிக் கழித்தால், நல்ல மூலப்பொருளாக இருக்கும்போது 80 விழுக்காடு வரை மிச்சம் என்கிறார்கள்.

இந்தியாவின் முதல் முயற்சி 2018 ஆகஸ்ட் 27 அன்று நடந்தது. டேராடூனிலிருந்து டெல்லிக்குப் பறந்த ஸ்பைஸ்ஜெட் விமானத்தின் எரிபொருளில் 25 விழுக்காடு, டேராடூனில் உள்ள இந்திய பெட்ரோலிய ஆய்வு நிறுவனம் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து தயாரித்தது. முழுக்க முழுக்க இவ்வகை எரிபொருளிலேயே 2023 நவம்பர் 28 அன்று வர்ஜின் அட்லாண்டிக் விமானம் ஒன்று லண்டனிலிருந்து நியூயார்க் சென்றது.

அப்படியானால் எல்லா விமானங்களுக்கும் அதையே ஊற்றலாமே?

கிடைக்கவேண்டுமே. 2024இல் உலகில் உற்பத்தியான எஸ்.ஏ.எஃப். சுமார் 10 லட்சம் டன்; விமானங்கள் எரித்த மொத்த எரிபொருளில் அது 0.3 விழுக்காடு. விலையோ வழக்கமான எரிபொருளைப்போல் இரண்டு மடங்குக்குமேல். 2050க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவோம் என்று 2021இல் பாஸ்டன் நகரில் தீர்மானம் போட்ட விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா, அந்தக் குறைப்பில் 65 விழுக்காடு இந்த எரிபொருளால் வரும் என்று எழுதிவைத்திருக்கிறது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

மூலப்பொருள் இன்னொரு தடை. நம் ஊர் பஜ்ஜிக் கடையில் மூன்று நாள் காய்ந்து கறுத்த எண்ணெய்க்கு ஒரு காலத்தில் என்ன கதி என்று எல்லோருக்கும் தெரியும்: சாக்கடைக்குப் போகும், அல்லது மலிவு விலைக்குக் கைமாறி மறுபடியும் வாணலிக்கே வரும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் ‘ரூக்கோ’ என்ற திட்டத்தைத் தொடங்கி, அந்த எண்ணெயைச் சேகரித்து எரிபொருளாக்க வழிவகுத்தது. உடல்நலத்துக்கும் வானத்துக்கும் ஒருசேர நன்மை தரும் ஏற்பாடு அது. பானிபட்டில் உள்ள இந்தியன் ஆயில் சுத்திகரிப்பு ஆலை, இத்தகைய எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் தயாரிப்பதற்கான பன்னாட்டுச் சான்றை 2025 ஆகஸ்டில் பெற்றது. ஆனால் உலகின் எல்லா வாணலிகளையும் கவிழ்த்தாலும் எல்லா விமானங்களுக்கும் போதாது. போதவில்லை என்பதற்காகக் காட்டை அழித்துப் பனை எண்ணெய்க்குப் போனால் சேமிப்பதைவிட இழப்பதே அதிகம். உணவுக்கான நிலத்தையும் நீரையும் எரிபொருள் பயிருக்குத் திருப்பிவிடுவதும் அதே போன்றது. பயோடீசல் ஆசையில் காட்டாமணக்கு நட்டு, சொன்ன விளைச்சல் கிடைக்காமல் கையைச் சுட்டுக்கொண்ட உழவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். நீரைப் பிளந்து எடுத்த ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் இணைத்துச் செய்யும் செயற்கை எரிபொருளுக்கு நிலம் வேண்டாம்; ஆனால் ஏராளமான பசுமை மின்சாரம் வேண்டும்.

அரசு கட்டாயப்படுத்தும் இடத்தில்தான் ஆலைகள் எழுகின்றன. விமான எரிபொருளில் எஸ்.ஏ.எஃப்.பின் பங்கு 2025இல் 2 விழுக்காடு, 2030இல் 6, 2050இல் 70 என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே இயற்றிவிட்டது. இந்தியா பன்னாட்டுப் பயணங்களுக்கு 2027இல் 1, 2028இல் 2, 2030இல் 5 விழுக்காடு என்று இலக்கு வைத்திருக்கிறது. நிறுவனங்கள் செய்யக்கூடியது, பத்தாண்டு கொள்முதல் ஒப்பந்தத்தில் இன்றே கையெழுத்திடுவது. அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் ஆலைக்கு வங்கிக் கடன் வாங்கமுடியும்.

வானில் விமானம் விட்டுச்செல்லும் வெள்ளைக் கோடு தீங்கானதா?

‘ராக்கெட் போகுது’ என்று சிறுவயதில் மொட்டைமாடிக்கு ஓடிப் பார்த்த அந்தக் கோடு புகையன்று. என்ஜினிலிருந்து வரும் நீராவி, உயரத்தின் கடுங்குளிரில் கரித்துகள்களைப் பற்றிக்கொண்டு பனித்துகளாக உறைவதால் அது உண்டாகிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் கரைந்துவிடும். ஏற்கெனவே ஈரம் செறிந்த குளிர்ந்த அடுக்கு ஒன்றுக்குள் விமானம் நுழைந்துவிட்டால் கோடு கரையாது. பல மணி நேரம் விரிந்து மெல்லிய மேகமாகப் பரவும். பூமியிலிருந்து வெளியேற முயலும் வெப்பத்தை அது கம்பளிபோல் தடுக்கும். பகலில் சூரிய ஒளியையும் ஓரளவு திருப்பி அனுப்புவதால் பாதிப்பு சற்றுக் குறையும். இரவில் அந்த ஈடும் கிடையாது.

இங்கேதான் எனக்கு மிகுந்த நம்பிக்கை பிறக்கிறது. ஜப்பான் வான்வெளியை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வில், இந்தக் கோடுகளால் வரும் வெப்பத்தில் 80 விழுக்காட்டுக்குக் காரணம் 2.2 விழுக்காடு விமானங்கள் மட்டுமே என்று தெரியவந்தது. நூற்றில் இரண்டு விமானங்களைச் சில நூறு மீட்டர் மேலோ கீழோ பறக்கச் சொன்னாலே பெரும்பகுதி தவிர்ந்துவிடும். அதற்கு ஆகும் கூடுதல் எரிபொருள் மிகச் சொற்பம். கூகுளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் சேர்ந்து 70 பயணங்களில் இதைச் சோதித்து, கோடுகள் 54 விழுக்காடு குறைந்ததாக 2023இல் அறிவித்தன. புதிய விமானமோ புதிய எரிபொருளோ தேவைப்படாத இந்த வழிக்கு, நல்ல வானிலைக் கணிப்பும், விமானியும் கட்டுப்பாட்டு அறையும் ஒத்துழைப்பதும் போதும். எந்த நிறுவனமும் அடுத்த ஆண்டே தொடங்கிவிடலாம் என்னும் அளவுக்கு இது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

மின்சார விமானமும் ஹைட்ரஜன் விமானமும் எப்போது வரும்?

சிறியவை வந்துவிட்டன. பிப்பிஸ்ட்ரல் நிறுவனத்தின் இருவர் அமரும் மின்சார விமானம் 2020இலேயே ஐரோப்பியச் சான்று பெற்றது. பெரியவற்றுக்கு மின்கலனின் எடைதான் தடை: ஒரு கிலோ விமான எரிபொருளில் அடங்கிய ஆற்றலைச் சேமிக்க இன்றைய மின்கலன்கள் நாற்பது கிலோவுக்கு மேல் வேண்டும். ஹைட்ரஜன் எடையில் இலகு. ஆனால் திரவமாக்கினாலும் நான்கு மடங்கு இடம் பிடிக்கும். 2035இல் ஹைட்ரஜன் விமானம் என்று 2020இல் அறிவித்த ஏர்பஸ், 2025இல் அந்தக் காலக்கெடுவைத் தள்ளிவைத்தது. இவற்றை நம்பி இன்று செய்யவேண்டியதைத் தள்ளிப்போட முடியாது.

டிக்கெட் எடுக்கும்போது ‘மரம் நட’ என்று கேட்கிறார்களே, பணம் கட்டலாமா?

கட்டுவது தவறில்லை, கட்டியதால் உங்கள் பயணத்தின் புகை இல்லாமல் போய்விட்டது என்று எண்ணுவதுதான் தவறு. இன்று நட்ட கன்று அந்தக் கரியை இழுக்கப் பல பத்தாண்டுகள் உயிரோடு நிற்கவேண்டும். வறட்சியோ காட்டுத்தீயோ வந்தால் அத்தனையும் திரும்பக் காற்றில் கலக்கும். பன்னாட்டுச் சிவில் விமான அமைப்பு 2016இல் ஏற்றுக்கொண்ட ‘கோர்சியா’ திட்டமும் இத்தகைய ஈடுகட்டலையே பெரிதும் சார்ந்திருக்கிறது. 2019 அளவில் 85 விழுக்காட்டைத் தாண்டும் பன்னாட்டுப் பயண உமிழ்வுக்கு மட்டுமே அது பொருந்தும். உள்நாட்டுப் பயணங்கள் அதில் வருவதில்லை. இந்தியா 2027 முதல் அதில் சேர்கிறது.

பிளாஸ்டிக் கரண்டியை மரக்கரண்டியாக மாற்றுவது உதவுமா?

குப்பைக்கு உதவும், தட்பவெப்பத்துக்கு மிகக் குறைவாகவே உதவும். தொடாமலே திரும்பும் உணவுதான் பெரிய வீண். உணவை முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்லும் நிறுவனங்களில் அது குறைகிறது. குப்பையோடு எடையும் குறைகிறது. பன்னாட்டு விமானங்களில் மிஞ்சிய உணவை, நோய் பரவும் என்ற அச்சத்தால் பல நாடுகள் எரித்தோ புதைத்தோதான் அழிக்கச் சொல்கின்றன. பிரித்து மறுசுழற்சி செய்ய முன்வரும் நிறுவனங்களுக்கும் அவ்விதிகள் தடையாக நிற்கின்றன.

குறுந்தூரப் பயணங்களை விட்டுவிடுவது நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகுமா?

ஆகும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். வியன்னாவுக்கும் சால்ஸ்பர்க்குக்கும் இடையே பறப்பதை ஆஸ்திரியன் ஏர்லைன்ஸ் 2020 ஜூலையில் நிறுத்திவிட்டு, அதே டிக்கெட்டில் பயணிகளை ரயிலில் விமான நிலையத்துக்கே அழைத்துவந்தது. பிரான்சு, இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய சில தடங்களில் 2023இல் சட்டம்மூலமே விமானத்தை நிறுத்தியது. மேலெழும்பும்போதுதான் எரிபொருள் மிக வேகமாகச் செலவாகிறது. சென்னை–பெங்களூருபோன்ற தடத்தில் ஏறி முடித்த சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்கவேண்டும் என்பதால், கிலோமீட்டருக்கான கணக்கில் அது நெடுந்தூரப் பயணத்தைவிட மோசம். வந்தே பாரத் ஓடும் அந்தத் தடத்தில் ரயிலையும் வெளிநாட்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டில் இணைத்து, பெட்டியையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை நம் நிறுவனங்களும் ரயில்வேயும் செய்தால் வரவேற்கப் பலர் இருப்போம்.

ஒரு நிறுவனம் சொல்லும் ‘பசுமை’யை நம்பலாமா என்று எப்படி அறிவது?

விளம்பர வாசகங்களைக் கொண்டு முடிவுசெய்யவேண்டாம். நெதர்லாந்தின் கேஎல்எம் விமான நிறுவனத்தின் சுற்றுச்சூழல் விளம்பர வாசகங்கள் 19ஐ ஆராய்ந்த ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம், அவற்றில் 15 மக்களைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச்செல்பவை என்று 2024 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஆண்டறிக்கையைப் பாருங்கள். இந்தியப் பங்குச் சந்தையில் மதிப்பின்படி முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் ‘பி.ஆர்.எஸ்.ஆர்.’ என்ற பொறுப்பறிக்கையை ஆண்டுதோறும் வெளியிடவேண்டும் என்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் கட்டளை. அதில் வரும் விமான நிறுவனத்தின் அறிக்கையை அதன் இணையதளத்திலேயே பதிவிறக்கலாம். ஆறாம் கோட்பாட்டின்கீழ் ‘ஸ்கோப் 1’ என்றொரு வரி இருக்கும். விமான நிறுவனத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் அதன் விமானங்கள் எரித்த எரிபொருளின் கணக்கே. ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்வதற்கான எண்ணைத்தான் முன்பக்கத்தில் பெரிதாகப் போடுவார்கள். நீங்கள் பார்க்கவேண்டியது அந்த வரியில் உள்ள மொத்த டன்னை. அதை முந்தைய ஆண்டின் டன்னோடு ஒப்பிட்டு, கூடியிருந்தால் ஏன் என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்.